கொல்லையில் ஸ்மோக்கர் வைக்கலாமா, புகார் வந்தால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் விறகில் எரியும் ஸ்மோக்கர் ஒன்று, அதாவது புகையிலேயே இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் மூடிய அடுப்பு, வைக்க நினைக்கிறீர்கள். பிற்பாடு செங்கல்லில் ஒரு 'அவன்' (பீட்சா, ரொட்டி சுடும் அடுப்பு) கட்டும் எண்ணமும் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "இது சட்டப்படி கூடாது, புகார் கொடுப்பேன்" என்கிறார். உள்ளாட்சி விதிகளைப் புரட்டினால் 'திறந்தவெளியில் எரிப்பது தடை' என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. அந்த வரி உங்கள் ஸ்மோக்கரையும் பிடிக்குமா என்று தெரியவில்லை. எந்த நாடு, எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எல்லா ஊரிலும் இந்த விதிகள் எப்படி அமைந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன், கூடவே நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சில நாட்டு விதிகளை உதாரணமாக வைக்கிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்மோக்கர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பது ஒன்று. அதிலிருந்து கிளம்பும் புகைக்கு யார் பொறுப்பு என்பது இன்னொன்று. தனி வீட்டுக்காரருக்கு முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'உண்டு' என்றே பதில் வரும். அந்தப் பதிலோடு இரண்டாவது கேள்வியும் முடிந்தது என்று நினைத்துத்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தீப்பாதுகாப்பு ஆய்விலும் புகைப் புகார் விசாரணையிலும் பதினேழு வருடம் இருந்தேன். ஸ்மோக்கரே கூடாது என்று முடிந்த புகார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இடத்தில் கூடாது, இந்த விறகு கூடாது, இத்தனை மணி நேரம் கூடாது என்று முடிந்தவைதான் அதிகம். நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ், வழக்கு என்று போனால் உங்கள் ஊர் வக்கீலைப் பார்ப்பதுதான் சரி.

முதலில் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'திறந்தவெளியில் எரிப்பது' என்று விதியில் இருந்தால், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே ஆவணத்தின் ஆரம்பத்தில் சொற்பொருள் விளக்கம் என்று ஒரு பகுதி இருக்கும், யாரும் படிக்காத பகுதி. விடை அங்கேதான் இருக்கும். இந்தத் தடை பெரும்பாலும் குப்பையையும் சருகையும் வெட்டிய கிளைகளையும் தரையில் குவித்துக் கொளுத்துவதைத் தடுக்க வந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சர்வதேசத் தீத்தடுப்பு நெறி, பொழுதுபோக்குக்கு மூட்டும் தீ 3 அடி விட்டம், 2 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும், கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் விறகு பார்பிக்யூ கிரில்லுக்குள்ளோ குழிக்குள்ளோ அடைபட்டிருந்தால் அது அந்த வரையறைக்குள்ளேயே வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தீ விதி இன்னும் தெளிவு. திறந்தவெளித் தீக்குத் தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, சமையலுக்கான சிறிய, அடைபட்ட தீக்கு விலக்குத் தருகிறது. மூன்று நிபந்தனைகள் உண்டு: கிரில், பார்பிக்யூ, கம்பி இவற்றில் சமைக்கும் தீயாக இருக்க வேண்டும், சமைக்கும் உணவின் வகைக்கும் அளவுக்கும் தக்க தீயாக இருக்க வேண்டும், எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 'அளவுக்குத் தக்க' என்ற நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. நாலு பேருக்குச் சமைக்கிறேன் என்று ஆள் உயரத்துக்குத் தீ வளர்த்தவரிடம் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை, அந்த வரியைக் காட்டினால் போதும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சமையல் அடுப்புக்குக் கிடைக்கும் விலக்கு, சமையல் விறகுக்குத்தான். பழைய பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம், அட்டைப்பெட்டி என்று உள்ளே போட ஆரம்பித்தால் பெயர்தான் ஸ்மோக்கர், நடப்பது குப்பை எரிப்பு. மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்செனிக் இருக்கலாம். அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். உங்கள் சாப்பாட்டிலும் படியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய், பெரிய அளவு என்றால் 25,000 ரூபாய் என்று அபராதம் வைத்தது. அடுப்புக்குள் போட்டேன் என்ற வாதம் அங்கே எவ்வளவு நிற்கும் என்பது உள்ளே என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்தது தூரம். மேலே சொன்ன அதே தீத்தடுப்பு நெறியில், கரி அடுப்பும் திறந்த சுவாலை உள்ள மற்ற சமையல் சாதனங்களும் எரியக்கூடிய பால்கனியில் கூடாது, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கூடாது. ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளுக்கும், தானியங்கி நீர்த்தெளிப்பான் உள்ள கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அடுக்குமாடியில் இருப்பவருக்குத்தான் இந்த 10 அடி கறாரான விதி. தனி வீட்டுக்காரருக்கு இது சட்டமில்லாத இடங்களிலும் நான் இதையே சொல்வேன். காரணம் எளிது: தூரத்தைத் தரையில் அளக்கிறவர்கள் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் டேப் வைத்து அளந்தேன். சுவருக்கும் ஸ்மோக்கருக்கும் பன்னிரண்டு அடி, வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கொடிப் பந்தலின் மரச்சட்டம் புகைப்போக்கியின் வாய்க்கு மூன்று அடி மேலே இருந்தது. அடிப்பக்கம் கறுத்து, தொட்டால் கரி விரலில் ஒட்டியது. ஒரு தடவை கொழுப்பு பற்றிக்கொண்டால் அந்தச் சட்டம் தப்பாது. கிளை, ஓலை, பிளாஸ்டிக் கூரைத் தகடு, துணிப் பந்தல், மின்கம்பி எல்லாவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லட் ஸ்மோக்கர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் குழப்பம் அதிகம். அது மின்சாரத்தில் ஓடுகிறது, விறகுத் துகள்களைத் தானே ஊட்டிக்கொள்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் உண்மையான தீதான் எரிகிறது, ஆனால் வெளியே தெரியாது. அது 'திறந்த சுவாலை'யா இல்லையா என்பதில் அதிகாரிக்கு அதிகாரி பதில் மாறும். கடைக்காரர் 'மின்சார அடுப்பு' என்று சொன்னதை நம்பி மாடி பால்கனிக்கு வாங்கிப் போகாதீர்கள். அடுக்குமாடி என்றால் அரசு விதிக்கு முன்னால் சங்கத்தின் விதிகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் படியுங்கள். அவை சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், இருப்பதும் செல்லும். வீட்டுக் காப்பீட்டு ஆவணத்தில் திடஎரிபொருள் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நாள் பார்த்து வரும் தடைகள் தனி ரகம். வருடம் முழுக்க அனுமதி உள்ள அடுப்புக்கு அன்றைக்கு மட்டும் அனுமதி இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு, கரி போன்ற திடஎரிபொருள் பார்பிக்யூ கூடாது. எரிவாயு, மின்சார அடுப்புகளுக்கு அனுமதி உண்டு, அதுவும் சுற்றி 3 மீட்டருக்கு எரியும் பொருள் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோடு, பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால். டெல்லியில் காற்று கெடும் காலத்தில் படிப்படியாக வரும் கட்டுப்பாடுகளில் உணவகங்களின் விறகு, கரி அடுப்புகளுக்குத் தடை வருகிறது. அது வணிகச் சமையலைக் குறிவைத்தது, உங்கள் கொல்லையை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'விறகடுப்புக்கே தடை' என்று பரப்புகிறவர்கள் நிறைய.

புகைக்கென்றே சட்டம் வந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் நாள்கணக்கில் அமுக்கி, ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடங்களில் கட்டடத்தின் புகைப்போக்கி வழியே புகை விட்டால் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம். கவனித்தீர்களா, 'கட்டடத்தின் புகைப்போக்கி'. தோட்டத்தில் தனியாக நிற்கும் பார்பிக்யூவும் பீட்சா அவனும் இதில் வராது. மழைக்கு ஒதுக்குப்புறமாக இருக்கட்டும் என்று அதே பீட்சா அடுப்பைத் தோட்டக் கொட்டகைக்குள் வைத்து, கூரையைத் துளைத்துக் குழாய் விட்டீர்களானால், அது கட்டடத்தின் புகைப்போக்கி ஆகிவிடுகிறது. அடுப்பு அதே அடுப்புதான், இடம் மாறியதும் விதியும் மாறிவிட்டது. செங்கல் அவன் கட்ட நினைக்கிற உங்களுக்கு இது முக்கியம். எந்த நாடானாலும் நிரந்தரமாகக் கட்டுவதற்குக் கட்டட விதி, மதிலிலிருந்து விட வேண்டிய இடைவெளி என்று வேறு பிரிவுகள் எட்டிப்பார்க்கும். சக்கரம் வைத்த ஸ்மோக்கருக்கு அந்தத் தலைவலி இல்லை.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கையில் உண்மையில் இருக்கும் ஆயுதத்துக்கு வருவோம். அதன் பெயர் தொல்லை. திறந்தவெளித் தீ, தூரம், நாள் தடை எல்லாவற்றிலும் நீங்கள் சுத்தமாக இருந்தாலும் இது உங்களைப் பிடிக்கும், ஏனென்றால் இது அடுப்பைப் பார்ப்பதில்லை, புகை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கிறது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, புகை தொல்லையாகிறது என்று உள்ளாட்சி முடிவு செய்தால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் தரும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 21 நாள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லை என்றால் என்ன என்று சொல்கிறது. தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பொதுத் தொல்லை என்பதற்குப் பொதுமக்களோ அக்கம்பக்கத்தில் வசிப்போர் பொதுவாகவோ பாதிக்கப்பட வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவிலான தகராறு என்றால் அது சிவில் நீதிமன்றத்துக்குப் போகும் சமாசாரம்.

எது தொல்லை என்பதற்கு மீட்டர் கிடையாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், எவ்வளவு அடர்த்தி, எந்த வேளையில், எந்த மாதிரிப் பகுதியில், சாதாரண மனிதர் ஒருவர் பொறுத்துக்கொள்ளும் அளவா என்றெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதில் அடிக்கடி எழும் வாதம், "நான் பல வருடமாகச் செய்கிறேன், அவர் நேற்றுத்தான் குடிவந்தார்" என்பது. 1879இல் லண்டனில் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் என்ற வழக்கில் இதே வாதம் தோற்றது. இனிப்பு செய்கிறவர் இருபது வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில் நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார், அதன் பிறகுதான் சத்தம் அவருக்குப் பிரச்சினையானது. தீர்ப்பு மருத்துவர் பக்கம். பணக்காரக் குடியிருப்பான பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாக இருப்பது, தோல் பதனிடும் பெர்மண்ட்சியில் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் இந்த இரண்டையும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஸ்மோக்கர் ஏன் இதில் சுலபமாகச் சிக்குகிறது என்றால், நேரம்தான். கிரில் அரை மணி நேர வேலை. ஸ்மோக்கர் 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் எட்டு, பத்து மணி நேரம் போகும். விடிந்ததும் தயாராக வேண்டும் என்று சிலர் நடுராத்திரியில் பற்றவைப்பார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். காற்று அசையாத இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக் காற்று மூடிபோல நின்றுவிடும். புகை மேலே போக வழியில்லாமல் மதிலைத் தாண்டி ஊர்ந்து, திறந்திருக்கும் படுக்கையறை ஜன்னலுக்குள் நுழையும். புகார் தந்த ஒரு வீட்டில் காலை ஆறு மணிக்கு அந்த ஜன்னலருகே நின்றிருக்கிறேன். கொசுவலையை விரலால் தடவினால் பிசுக்கு. இந்தப் பக்கம் வந்து பார்த்தால் ஸ்மோக்கர்காரர் ஒன்றும் தெரியாதவர்போல, "எனக்கு வாசனைகூட வரவில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. பத்து மணி நேரம் புகையிலேயே நின்ற மூக்குக்கு வாசனை தெரியாது.

அவரிடம் கேட்ட முதல் கேள்வி, விறகு எப்போது வெட்டியது என்பது. போன வாரம் என்றார். பச்சை விறகின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். தீயின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, மரத்திலிருந்து கிளம்பும் தார் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஈரமானி மலிவான கருவிதான், விறகைப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பாருங்கள். அப்புறம், காற்றுத் திறப்பை மூடித் தீயை அமுக்கி வைக்காதீர்கள். பெரிய தீயை அமுக்குவதைவிடச் சின்னத் தீயை நன்றாக எரிய விடுவது மேல். நன்றாக எரியும் ஸ்மோக்கரின் புகை மெல்லிய நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி இருக்கும். கெட்டியான வெள்ளைப் புகை பற்றவைத்த முதல் சில நிமிடங்களுக்குச் சகஜம்; அரை மணி கழித்தும் அப்படியே வந்தால் ஏதோ தப்பு. அந்த வீட்டில் விறகை மாற்றி, ஸ்மோக்கரைக் கொல்லையின் மறுகோடிக்குத் தள்ளி, பகலில் மட்டும் என்று வைத்ததும் புகார் நின்றது. எந்த நோட்டீஸும் தேவைப்படவில்லை.

இதில் நீக்குப்போக்குக்கு இடமே இல்லாத விஷயங்கள் இரண்டு. மழை வந்தது என்று எரியும் ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள் தள்ளக் கூடாது, கதவு திறந்திருந்தாலும். அமுங்கி எரியும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் கொல்லும் வாயு, அதற்கு நிறமோ வாசனையோ இல்லை. தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது சாம்பல். மேலே ஆறி வெளுத்த சாம்பலுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடி உள்ள இரும்பு வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, கட்டடத்திலிருந்து தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி உருகி, அதை ஒட்டியிருந்த வேலி எரிந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். சமைத்து முடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு இல்லாமல் விற்பதற்குச் சமைக்க ஆரம்பித்தால், மேலே சொன்னது எதுவும் போதாது. உணவு உரிமம், தொழில் உரிமம், மண்டலக் கட்டுப்பாடு எல்லாம் வரும். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

உங்கள் நிலைமையில் நான் என்ன செய்வேன் என்றால், முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருக்கு எது பயம் என்று கேட்பேன். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருக்கலாம், துணி காயப்போடும் இடம் மதிலோரம் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டால் ஸ்மோக்கர் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும். சமைக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டு வரும் புகையைச் சகித்துக்கொள்கிறவர்கள், சொல்லாமல் வரும் புகைக்குப் போன் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு தீயணைப்புத் துறைக்கும் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்பேன். போனில் கேட்டால் எடுத்தவர் மனசுக்குத் தோன்றியதைச் சொல்வார், நாளை அது யாருக்கும் நினைவிருக்காது. 'ஸ்மோக்கர் வைக்கலாமா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். என்ன மாதிரி, என்ன எரிபொருள், மதிலுக்கும் வீட்டுக்கும் எத்தனை அடி, மாதம் எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் என்று எழுதி, கையால் ஒரு வரைபடமும் போட்டு அனுப்புங்கள். செங்கல் அவனுக்குக் கட்டடப் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும், அங்கிருந்து எழுத்தில் பதில் வரும்வரை செங்கல்லை இறக்காதீர்கள்.